முதல் சீட்டு

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு சீட்டுதான் கிடந்தது. அதுவும் "வேண்டாம்" என்றது. அருங்காட்சியகக் காப்பாளர் குனிந்து மறுபடி படித்துப் பார்த்தார்.

பெண்கள் ஓட்டுரிமை பெற்ற வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி. சுவரெல்லாம் ஊர்வலங்கள், சிறைக்குப் போன பெண்களின் முகங்கள். கடைசி அறையில் ஓட்டுப் போட ஒரு மறைப்பு, ஒரு முத்திரை, ஒரு பெட்டி. "அன்று நீங்கள் இருந்திருந்தால், பெண்களுக்கு ஓட்டு கொடுத்திருப்பீர்களா?" சீட்டில் மேல் கட்டம் வேண்டும், கீழ்க் கட்டம் வேண்டாம். வருகிறவர்கள் குத்திப் போட வேண்டியது. யோசனை காப்பாளருடையதுதான். இப்போது அவர் தன்னையே நொந்துகொண்டார்.

பல வருடமாகத் தற்காலிக வேலை. "திறப்பு விழா நல்லபடியா முடியட்டும், உங்களை நிரந்தரம் பண்ணிடறேன்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். திறந்துவைக்க வருபவரோ ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. அவரை அழைத்துவர இயக்குநர் போயிருந்தார், பெட்டிச் சாவியோடு.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து உள்ளே வந்தவர்கள் எலக்ட்ரீஷியனும் தச்சரும்தான். முதல் ஆளாகப் பார்க்கட்டும் என்று காப்பாளர் கூட்டிவந்த மனைவி மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எலக்ட்ரீஷியன்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்றார் காப்பாளர்.

"பாவம், அவர் ஏணியை விட்டு இறங்கவே இல்லையே" என்றாள் மனைவி. "என்னங்க, ஒண்ணு கேட்கணும்..."

"அப்புறம் கேளு."

பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். படுத்திருந்த சீட்டு எழுந்து, முன்பக்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இனி வாசலிலிருந்தே படிக்கலாம்.

வாசலில் நின்ற பெண் காவலாளியைக் கூப்பிட்டார். "கொஞ்சம் சீட்டு குத்திப் போடும்மா. எல்லாத்துலயும் 'வேண்டும்'னு."

"ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு நீங்கதானே சார் சுவத்துல எழுதி வச்சிருக்கீங்க?"

வேறு வழியில்லை. அலுவலகப் பெண்கள் அத்தனை பேரையும் வரவழைத்தார். விடுமுறை நாளிலும் அவர்களை வேலைக்கு இழுத்தவர் அவர்தான். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. போதாக்குறைக்கு மறைப்புக்குள்ளேயே போய் நின்றுகொண்டு, "மேல் கட்டம், மேல் கட்டம்" என்று விரலால் காட்டினார்.

தட்டச்சர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "சொன்ன இடத்துல குத்தறதுக்கு எதுக்கு சார் மறைப்பு? கொஞ்சம் வெளியே நில்லுங்க."

நின்றார். ஒவ்வொருத்தியாகப் போய், குத்தி, போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். காப்பாளர் பெட்டியை எட்டிப் பார்த்தார். வேண்டாம். அதன்மேல் வேண்டாம். எல்லாம் வேண்டாம்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சீட்டு போடும் துவாரத்துக்குள் கையை நுழைத்தார். மணிக்கட்டு வரை சுலபமாகப் போனது. ஒரு கொத்துச் சீட்டை அள்ளினார். கை திரும்பி வரத்தான் மறுத்தது.

நீதிபதி அறைக்குள் வந்து, அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கள்ள ஓட்டு வழக்கு நிறையப் பார்த்திருக்கேன். எல்லாரும் உள்ளே போடறவங்க. வெளியே எடுக்கறவரை இப்பத்தான் பார்க்கிறேன்."

கூட வந்த புகைப்படக்காரர் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார். அதுவரை விழுந்த வேண்டாம்களில் அதுதான் பெரியது.

எல்லோரும் அடுத்த அறைக்குப் போன பிறகு மனைவி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். மெல்ல மெல்லக் கையை உருவி எடுத்தாள். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. காப்பாளருக்கு இனி எங்கே போய் யாரிடம் வேலை கேட்பது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"எல்லாம் போச்சு. அந்த முதல் ஓட்டைப் போட்டவன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா..."

மனைவி முந்தானையால் அவர் கையைத் துடைத்தாள்.

"முதல் ஓட்டா? அதைத்தாங்க கேட்க வந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் 'ரெண்டாவது கட்டத்துல குத்து, வேற எதையும் படிக்காதே'ன்னு சொல்லித்தானே அனுப்புவீங்க, இன்னிக்குச் சொல்ல மறந்துட்டீங்களேன்னு நானே ஞாபகமா ரெண்டாவதுல குத்திட்டேன், சரிதானே?"