உறுப்பினரை உறுப்பினராக ஏற்க இயலாது

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு வரும் களைப்பு தூங்கினால் தீராது. தூங்கி எழுந்தாலும் நேற்றுச் செய்த தப்பு அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காபி குடித்தாயா என்று கேட்கும். இருபது வருடமாக ஜாவா சர்வர்களோடு குப்பை கொட்டுகிறேன். இதில் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், "நன்றாகத் தெரியும் என்று நினைத்த இடத்தில்தான் வழுக்கும்" என்பேன். இதைக் கற்க இருபது வருடம் ஆகவில்லை. ஏற்காட்டில் ஒரு கார்த்திகை மாதக் காலை, ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை போதுமானதாக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் வேலை. (வேலை என்றால், அங்கே பெரிய சர்வர் பக்கத்தில் என்னை யாரும் விடவில்லை. லீவு போட்டு ஊருக்கு வந்தால் மட்டும் நான் பெரிய ஆள்.) சொந்த ஊர் வெள்ளக்கடை. எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா, மலைமேல் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் காபி சங்கத்துக்குச் செயலாளர். என் அப்பாவும் அதில் உறுப்பினர். சங்கத்துக்கு இருந்ததெல்லாம் ஓர் ஓட்டுக் கட்டிடம், ஒரு சிமெண்ட் களம், ஒரு பல்ப்பர். பல்ப்பர் என்பது காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின். பறித்த பழத்தைத் தள்ளிப்போடாமல் உரித்தாக வேண்டும். தாமதித்தால் சாக்குக்குள்ளேயே சூடேறிப் புளித்துவிடும். மெஷின் ஒன்று, உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம். யாருக்கு எப்போது முறை என்று சித்தப்பா ஒரு நீள நோட்டில் எழுதுவார். வருடா வருடம் அந்த நோட்டைச் சுற்றிச் சண்டை நடக்கும்.

"கம்ப்யூட்டர்ல போட்டுட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க சித்தப்பா" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே என்னைச் சேலம் வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் நடக்க விட்டிருக்கலாம். சித்தப்பா அப்படிச் செய்யவில்லை. நம்பினார்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சங்கத்து மூலையில் வைத்து, அதில் ஒரு வெப் சர்வரை ஏற்றி, அதற்குள் இரண்டு மென்பொருள்களை ஓடவிட்டேன். ஒன்றின் பெயர் பதிவேடு. யார் யார் உறுப்பினர் என்று அதற்குத் தெரியும். இன்னொன்று வரிசை, யார் முதலில் பழம் பறித்தது என்று பார்த்து முறை போடும். திரை தாழ்வாக இருக்கிறதென்று சித்தப்பாவின் பழைய நோட்டுகளை அடுக்கி அதன்மேல் திரையை உட்கார வைத்தேன். நோட்டுக்கு இதைவிட நல்ல ஓய்வு கிடைக்காது என்று கிண்டல் வேறு. போதாக்குறைக்கு, பிழைகள் இங்கிலீஷில் வந்து ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாதென்று எல்லாப் பிழைச் செய்திகளையும் நானே உட்கார்ந்து தமிழில் எழுதினேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். (யாராவது ஒருவர் மெச்ச வேண்டுமல்லவா.)

பொன்னியக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். தலைச்சோலை ஊர்க்காரர். கணவர் அதற்கு முந்தின வருடம் இறந்துபோனார். அவருடைய இடம் மனைவிக்குத்தான் வர வேண்டும் என்று சித்தப்பா சொல்ல, தன் மகனுக்கு வர வேண்டும் என்று கொழுந்தனார் மாதன் மல்லுக்கு நிற்க, மூன்று கூட்டங்கள் கூடிக் கலைந்தன. நான்காவது கூட்டத்தில்தான் பொன்னியக்கா உறுப்பினரானார். நோட்டில் அவர் கணவர் பெயரே இருந்தது. "நோட்டு கெடக்குது கண்ணு, கம்ப்யூட்டர்ல நேரா பொன்னி பேரையே போட்டுரு" என்றார் சித்தப்பா. ஆக, அந்தச் சங்கத்தில் அவர் பெயர் முதன்முதலாக ஏறிய இடம் என்னுடைய மூலைப் பெட்டி.

இந்தப் பெயர் மாற்றத்துக்காக 'உறுப்பினர்' என்கிற கிளாஸைத் திருத்த வேண்டியிருந்தது. கிளாஸ் என்றால் ஓர் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு உறுப்பினரும் அந்த அச்சில் வார்த்தவர். ஜாவாவில் ஒரு கிளாஸ் தேவைப்பட்டால் அதைத் தேடி எடுத்துக் கொண்டுவர ஓர் ஆள் உண்டு. அவர் பெயர் கிளாஸ் லோடர். அவருக்கு மேலே ஓர் அப்பா லோடர், அதற்கும் மேலே ஒரு தாத்தா லோடர். எதைக் கேட்டாலும் லோடர் முதலில் மேலே கேட்க வேண்டும், மேலே இல்லையென்றால்தான் தன் பையைத் துழாவலாம் என்பது நான் கல்லூரியில் படித்த விதி.

இந்த விதியை என்னைப் போல் சட்டென்று பிடித்துக்கொண்டவன் வகுப்பில் கிடையாது. எங்கள் பங்காளிகளில் மூத்தவர் வீட்டுக்குப் பெரிய வீடு என்று பெயர். கன்று வாங்கினாலும் காது குத்தினாலும் முதலில் பெரிய வீட்டில் கேட்டாக வேண்டும். கேட்காமல் செய்தால் அந்தக் காது புண்ணாகும் என்று எங்கள் அம்மாவே நம்பினார். ஜாவாவை எழுதியவன் எங்கள் ஊர்ப் பக்கம் பெண் எடுத்திருப்பான் என்றுகூட நான் சொல்லித் திரிந்ததுண்டு.

அந்தத் தெம்பில், அந்தக் கார்த்திகைக் காலைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு சீர்திருத்தம் செய்தேன். அதுவரை இரண்டு மென்பொருள்களும் அந்தக் கிளாஸில் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, துண்டுச் சீட்டு அனுப்புவதுபோல் பேசிக்கொண்டிருந்தன. இனி பதிவேடு உறுப்பினரையே கையைப் பிடித்து அழைத்துவந்து வரிசையிடம் ஒப்படைக்கும் என்று மாற்றினேன். திருத்திய புதுப் பிரதியைச் சர்வரின் பொது அறையில், அதாவது அப்பா லோடரின் பையில், வைத்தேன். பதிவேட்டின் அறையில் இருந்த பழைய பிரதியை அழித்தேன். வரிசையின் அறையில் இருந்ததை அழிக்கப் போகும்போது பஸ் ஹாரன் கேட்டது. இருந்தால் இருக்கட்டும், பெரிய வீட்டைத்தானே முதலில் கேட்கப் போகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். (சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பஸ் போய்விடும்.)

மறுநாள் ஒன்பது மணிக்கும் மூட்டம் கலையவில்லை. பொன்னியக்கா பதினோரு மூட்டைப் பழத்தோடு முதல் ஆளாக நின்றார். தன் பெயரில் வரும் முதல் முறை என்பதால் நல்ல சேலை கட்டி வந்திருந்தார். பின்னால் மாதன், அவருக்குப் பின்னால் இருபது முப்பது பேர். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அக்காவின் எண்ணைத் தட்டினேன். திரையில் பெரிய எழுத்தில், நான் எழுதிய நல்ல தமிழில் வந்தது:

பிழை: உறுப்பினரை உறுப்பினராக ஏற்க இயலாது.

பொன்னியக்கா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, என்ன போட்டிருக்குது இது? நான் உறுப்பினரு இல்லீங்குதா?"

"பாத்தீங்களா?" என்றார் பின்னாலிருந்து மாதன். "நாங்க சொன்னா பொல்லாப்பு. இப்பப் பொட்டியே சொல்லிப்போடுச்சு."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்கக்கா. சின்னப் பிழைதானுங்க. ரெண்டே நிமிசம்" என்றேன். (எங்கள் தொழிலில் இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலை என்று இதுவரை ஒன்றும் இல்லை.) கோளாறு என் மென்பொருளில்தான் என்று காட்டுவதற்காக, மாதனையே கூப்பிட்டு அவருடைய எண்ணைத் தட்டினேன். அதே செய்தி. மாதன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "பொட்டி கெட்டுப்போச்சப்பா, நோட்ட எடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பொன்னியக்காவுக்கு வந்தபோது பெட்டி சொன்னது சத்தியம். மாதனுக்கு வந்தபோது பெட்டி கெட்டுப்போனது. அதை அந்த நேரம் நான் கவனிக்கக்கூட இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருப்பது அதுதான்.

சித்தப்பா திரைக்கு அடியிலிருந்து நோட்டை உருவினார். திரை குப்புற விழப் போய், நான் அதை நெஞ்சால் தாங்கிப் பிடித்தேன். அந்தக் கோலத்திலேயே நின்றுகொண்டு மீதியைக் கேட்டேன்.

"இந்தா பொன்னி, மொதல் முறை நீதான். மூட்டைய எறக்கச் சொல்லு."

"அதுல யாரு பேருங்க இருக்குது?"

சித்தப்பா பேனாவை எடுத்தார். "இப்பவே உன்ற பேர எழுதறேன்" என்றார்.

"வேண்டாமுங்க. ரைட்டரு எரக்கப்பட்டு எழுதுனாருன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. என்ற பேரு அந்தப் பொட்டிக்குள்ளதான இருக்குது? அது சொல்லட்டும். அப்புறம் பழத்தப் போடறேன்."

"பழம் புளிச்சுரும் பொன்னி!"

"புளிக்கட்டுங்க. மத்தவங்க போகட்டும்."

சொல்லிவிட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த மூன்று மணி நேரத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. சர்வரை நிறுத்தி நிறுத்தி ஏழு முறை கிளப்பினேன். அந்தக் கிழட்டுப் பெட்டி ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் இருமிவிட்டுத்தான் எழுந்தது. ஒவ்வொரு முறையும் "இப்ப வந்துருங்க" என்றேன். ஒவ்வொரு முறையும் உறுப்பினரை உறுப்பினராக ஏற்க இயலவில்லை. நடுவில் கரண்ட் ஒரு தரம் போய்வந்தது. மாதனின் பழம் உரிந்து, கழுவப் போய்விட்டது. நான் அவ்வப்போது வெளியே ஓடி அக்காவின் சாக்குகளைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். முதலில் வெதுவெதுப்பு. அப்புறம் கள்ளுக்கடை வாசம்.

பதினொன்றரைக்குச் சித்தப்பா மெல்லக் குனிந்து, "கண்ணு, தலைச்சோலையில மூணு பொன்னி இருக்கறாங்க. எந்த ஊட்டுப் பொன்னின்னு போட்டயா?" என்றார்.

"அதெல்லாம் போட்டிருக்குதுங்க சித்தப்பா, கொஞ்சம் சும்மா இருங்க!" என்று எரிந்து விழுந்தேன். விழுந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் மலையில் வெறும் பெயரைச் சொன்னால் ஆள் தெரியாது. எந்த வீடு என்றும் சொல்ல வேண்டும். ஜாவாவிலும் அப்படித்தான். பெயரும், அதை ஏற்றிவந்த லோடரும் சேர்ந்தால்தான் ஒரு கிளாஸ். இரண்டு மென்பொருள்களின் 'உறுப்பினர்' கிளாஸையும் எந்த வீடு என்று நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

கேட்டேன். பதிவேடு கொண்டுவந்த உறுப்பினர் பொது அறையைச் சேர்ந்தவர். வரிசை கையில் வைத்திருந்ததோ தன் சொந்த அறையில் கிடந்த பழைய பிரதி. பெயர் ஒன்று, வீடு வேறு. ஒருவரை இன்னொருவராக அது எப்படி ஏற்கும்?

வெப் சர்வருக்குள் ஓடும் மென்பொருள், நான் படித்த விதிக்குத் தலைகீழாக நடக்கிறது. அது தனிக்குடித்தனம். முதலில் தன் அலமாரியைத்தான் பார்க்கும். அங்கே இல்லாததற்கே பெரிய வீட்டுக்குப் போகும். (குலதெய்வம் மாதிரி, ஜாவாவின் அடிப்படைச் சமாச்சாரங்களுக்கு மட்டும் மேலே கேட்டுக்கொள்ளும்.) ஒரே சர்வரில் இருக்கும் நாலு குடித்தனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டித்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். இதைச் சர்வரோடு வந்த குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். பெரிய வீட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் குறிப்பு எதற்கு என்று நான் படிக்கவில்லை.

பழைய பிரதியை அழித்தேன். எட்டாவது முறையாகச் சர்வரைக் கிளப்பினேன். பத்து நிமிட இருமல். அக்காவின் எண்ணைத் தட்டினேன்.

வருக, பொன்னியம்மாள். உறுப்பினர். இப்போது உங்கள் முறை.

பொன்னியக்கா எழுந்து வந்து, விரலை வைத்துப் படித்தார். "இன்னொருக்காப் போடு சாமி" என்றார். போட்டேன். மறுபடியும் படித்தார். மூன்றாவது முறை போடச் சொல்லி, "ரைட்டரே, நீங்க கொஞ்சம் சத்தமாப் படிங்க" என்றார். சித்தப்பா களத்தைப் பார்த்துத் திரும்பி நின்று படித்தார். மாதன் தன் காபிக்கொட்டையைப் பரப்புவதில் மும்முரமாக இருந்தார்.

பதினோரு மூட்டையில் நாலு புளித்துவிட்டது. அந்த நாலையும் நான்தான் சுமந்துபோய் ஓரமாகக் கொட்டினேன். பொன்னியக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என் குடும்பம் அந்தச் செய்தியைக் கீழே விடவில்லை. என் நிச்சயதார்த்தத்தில் சித்தப்பா பெண் வீட்டாரிடம், "மருமகன மருமகனா ஏத்துக்க முடியுமுங்களா, இப்பவே சொல்லிருங்க" என்று கேட்டார். நான் வேலை முடிந்து தாமதமாக வரும் நாட்களில் என் மனைவி கதவைப் பாதி திறந்து, "கணவனைக் கணவனாக ஏற்க இயலாது" என்று நல்ல தமிழில் சொல்வாள். இதெல்லாம் பழகிவிட்டது.

போன வருடம் அப்பா இறந்துபோனார். சங்கத்தில் அவர் இடத்தை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. இப்போது சங்கத்துக்குத் தலைவர் பொன்னியக்கா. காலை ஒன்பது மணிக்குப் போய் விண்ணப்பத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உறுப்பினர உறுப்பினரா ஏத்துக்க முடியலீங்களே சாமி" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "ரெண்டே நிமிசம். அந்த பெஞ்சுல உக்காரு."

உட்கார்ந்தேன். இரண்டு முறை டீ வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் என் பெயரை ஏற்றச் சொன்னார். பிறகு நோட்டை எடுத்துத் தன் கையாலேயே ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். (ஒன்றை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

"எந்த ஊடுன்னும் எழுதிப்போட்டேன். சரியா இருக்குதான்னு பாரு" என்று நோட்டைத் திருப்பினார்.

அப்பாவின் பெயர் மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே என் பெயர், எங்கள் வீட்டின் பெயர். படித்தேன். நோட்டை மூடப் போனார்.

"இன்னொருக்காக் காட்டுங்கக்கா" என்றேன்.