பத்து நிமிட ஓசோன்

விஷத்துக்கே மோட்சம் கொடுத்த மகான் யார் என்று உலகம் தேடினால், அந்தச் சாயப்பட்டறை முதலாளியைத் தாண்டிப் போகவே முடியாது. கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஓசோன் இயந்திரம், துணைக்குப் புற ஊதா விளக்கு, வாசலில் 'நீரே நம் தாய்' என்று ஆளுயரப் பலகை. வேறென்ன வேண்டும்?

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கெமிஸ்டும் இருந்தாள். பாவம், அவளுக்குத்தான் நிம்மதி இல்லை. பட்டறைத் தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்காலை ஒட்டி அவளுடைய அக்கா வீடு. அக்கா பிள்ளைகள் குடிப்பது அந்தக் கரையோரக் கிணற்றுத் தண்ணீர்.

இரண்டு மணி நேரம் ஓசோன் குமிழிட்டால்தான் சாயம் முழுக்கச் சிதைந்து ஒழியும். ஆனால் பத்தே நிமிடத்தில் நிறம் போய்விடுகிறது என்ற மாபெரும் உண்மையை முதலாளி கண்டுபிடித்துவிட்டார். அன்று முதல், பத்து நிமிடம் ஆனதும் சுவிட்சை அணைப்பது அவரே தம் கையால் செய்யும் திருப்பணி.

"சார், நிறம்தான் போயிருக்கு. சாயம் துண்டு துண்டா உடைஞ்சு உள்ளேயேதான் கிடக்கு. சில துண்டு முழுசைவிட மோசம்."

"உடைஞ்சது எப்படிம்மா முழுசைவிட மோசமாகும்?"

"கண்ணாடி டம்ளர் உடைஞ்சா அதுல கைய விடுவீங்களா சார்?"

"நல்லாத்தான் பேசற. போய் வேலையைப் பாரு."

ஒருநாள் ஆய்வுக்குழு எழுந்தருளியது. குழுத்தலைவர் ஒரு பாட்டிலில் தண்ணீரை மொண்டார். அதன் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, இந்தப் பக்கமிருந்து தலைப்பைத் தடங்கலில்லாமல் படித்து முடித்தார். 'விஞ்ஞான முறைப்படி' சோதனை நிறைவேறியது.

கெமிஸ்டுக்குப் பொறுக்கவில்லை. "சார், லேப்ல கொடுத்து ஒரு தடவை..."

"ஏம்மா, என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையா?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார் தலைவர். பிறகு முதலாளியிடம் உருகினார்: "இவ்வளவு நல்ல தண்ணிய வாய்க்கால்ல மட்டும் விடலாமா? உங்க வீட்டு மீன் தொட்டியிலயும் விடுங்க. அடுத்த மாசம் வந்து போட்டோ எடுத்து, உங்களை 'முன்மாதிரி'யா அறிவிச்சிடறோம்."

முதலாளி வளர்க்கும் வண்ணமீன்கள் அவருக்குப் பெற்ற பிள்ளைகளுக்கும் மேல். ஆனாலும் பல்லெல்லாம் தெரிய, "தாராளமா!" என்றார். சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

குழுவின் கார் கிளம்பியதும் முதலாளி கெமிஸ்டை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மீன் தொட்டிக்குப் போற தண்ணிக்கு மட்டும் முழுசா ரெண்டு மணி நேரம் ஓட்டிடு. ஒரு நிமிஷம் குறையக் கூடாது, சொல்லிட்டேன்."

ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்தே இருக்கிறது! மனுஷனுக்குப் புரியவில்லை என்றல்லவா இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடம் நடத்தினாள்!

"அப்ப வாய்க்காலுக்குப் போறது சார்?"

"அதுக்கு வழக்கம்போல பத்து நிமிஷம்."

"அங்க எங்க அக்கா பிள்ளைங்க இருக்காங்க சார்!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார் முதலாளி, மிகுந்த பொறுமையோடு. "அங்க இருக்கறது மனுஷங்கதானே? மீன் ஒண்ணும் இல்லையே!"