ஒரே ஒரு ஸ்பேனர் போதும்னாங்க

மசாக்கா,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய கல்யேசுபுலா ஐயா அவர்களுக்கு, சம்பந்தி என்று எழுதத் துடிக்கிற கையை அடக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் சித்தப்பா செபுலிபா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். நீங்களும், எங்களுக்குக் கேட்டைத் திறக்காத உங்கள் தங்கையும் நலமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிறு பெண் கேட்டுப் பத்து மணிக்கு வரவேண்டிய நாங்கள் மத்தியானத்துக்கு மேல் கரிபிடித்த கன்சு அங்கியோடு வந்து நின்றதற்கு நான்தான் காரணம், பையன் முகீபி மேல் ஒரு தப்பும் இல்லை. என் வண்டி ஜப்பானில் ஓடி முடித்து வந்த குட்டி ஜீப்பு. நல்ல உயரம், ஜாக்கியே வேண்டாம், பாயை விரித்துப் படுத்தால் எல்லாம் கைக்கெட்டும். "ஒரே ஒரு ஸ்பேனர் போதும், வாத்தியாரே"ன்னு பக்கத்து வீட்டுக்காரன் உசுப்பிவிட்டான். கூட வந்த புத்தகம் பூரா ஜப்பான் எழுத்து. ஆனா காலமெல்லாம் பூகோளம் நடத்தினவனுக்குப் படம் போதாதா? அடியில் புகுந்து பழைய ஆயிலை வடிச்சேன், மேலே புதுசை ஊத்தினேன். அடியிலே ரெண்டு போல்ட்டு இருக்குதுங்க ஐயா! நான் வடிச்சது கியர்பாக்ஸ் ஆயிலு. எஞ்சினுக்குப் பழசும் புதுசுமா டபுள் சாப்பாடு! பாதி வழி ராஜா மாதிரி வந்தோம், உங்க ஊர் மேட்டுல எஞ்சின் கத்துது, சக்கரம் நகரல, புகைன்னா புகை, வழக்கப்படி பொண்ணோட அண்ணன்னு உங்க மகனுக்குக் கொண்டுவந்த சேவல் மடியில இருமுது. மாப்பிள்ளை இறங்கித் தள்றான். என் பொண்டாட்டி தள்ளிக்கிட்டே, "ஊர்ல மெக்கானிக்கெல்லாம் செத்தா போயிட்டான்? உனக்கெதுக்குய்யா இந்த வேலை?"ங்கறா. கேட்டுக்கு வந்தா உங்க தங்கச்சி உள்ளேயிருந்து, "யாரு, கரி விக்கிறவங்களா? எங்க வீட்ல நிறைய இருக்கு, போங்க!"ங்கறாங்க.

"அடுத்த ஞாயிறு பத்து மணி. தாண்டினா பொண்ணு கிடையாது"ன்னு நீங்க சொன்னதை மறக்கல. ஜன்னல்ல உங்க பொண்ணு நபோசா அழுதுக்கிட்டு நின்னுச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு ஐயா. இப்போ மெக்கானிக் எல்லாத்தையும் சரிபண்ணிவிட்டார். இனி அந்த வண்டியில் கை வைக்கமாட்டேன், சத்தியம். ஞாயிறன்று இந்தக் கடிதத்தை நானே உங்கள் கையில் கொடுப்பேன்.

உங்கள் வாழைகள் முட்டுக்கொடுக்கிற அளவுக்குக் குலை தள்ளட்டும். வீட்டாருக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
செபுலிபா

பி.கு.: ஞாயிறு. நேத்து காத்து ஃபில்டர் அழுக்கா இருந்துச்சுங்க. ரெண்டே கிளிப்பு, குழந்தைகூடக் கழட்டும். சோப்புப் போட்டு அலசி ஈரத்தோட மாட்டிட்டேன். எஞ்சின் மூச்சுமுட்டி நின்னுபோச்சு, சதுப்புப் பாலத்துல நிக்கிறோம், நான் வண்டிக்கடியில இருந்துதான் எழுதறேன். இதைக் கொண்டுவந்து மூச்சிரைக்க நிக்கிறவன்தான் மாப்பிள்ளை. பெண் கேக்கிற அன்னிக்கு மாப்பிள்ளை வாயைத் திறக்கக்கூடாதுங்கறது நம்ம வழக்கம், அவனாலயும் இப்போ முடியாது. அவனுக்காகப் பேசவேண்டிய நான் சொல்லவேண்டியது ஒண்ணுதான்: மணி பத்தாகறதுக்குள்ள பொண்ணைக் குடுத்துடுங்க.