ஐந்தாவது கல்லில் ஒற்றை எழுத்து

"இன்னாங்க பெயிண்டரே, ரெண்டாவது கல்லுக்கு ரெண்டு எழுத்து, மூணாவதுக்கு மூணு. எங்க வூட்டுக் கல்லுக்கு மட்டும் ஒத்த எழுத்தா?"

ஜீவானந்தம் கேட்டதும் பிலிப்ராஜ் பிரஷைக் கீழே வைத்தார். மகள் ரெனியை இவருடைய மகன் பெல்வினுக்குத்தான் பேசியிருந்தார்கள். ஆனால் மனிதர் வாயிலிருந்து இன்னும் 'சம்பந்தி' வரவில்லை. 'பெயிண்டரே'தான் வந்துகொண்டிருந்தது.

அமிர்திப் பக்கம், ஜவ்வாது மலைச் சரிவில் புதிதாகப் போட்ட சிலுவைப்பாதை அது. இயேசு சிலுவை சுமந்த பதினான்கு நிலைகளுக்குப் பதினான்கு கற்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பேரில். பெரிய வெள்ளிக்குள் ரோமன் எண் எழுதி முடிப்பது பிலிப்ராஜின் பொறுப்பு. ஐந்தாவதில் அழகாக V போட்டிருந்தார்.

"அஞ்சுன்னா அவ்ளோதாங்க..."

"நாலாவதுக்கே IVன்னு ரெண்டு எழுத்து போட்டிருக்கீங்களே! நாங்க அவங்களை வுட மட்டமா?"

பிலிப்ராஜ் ஃபாதரிடம் ஓடினார். ஃபாதர் சிரித்தார்.

"ரோமாபுரிக்காரங்களே ஒரே மாதிரி எழுதல பிலிப். நாலுக்கு IVயும் போட்டாங்க, நாலு கோடும் போட்டாங்க. சில இடத்துல அஞ்சுக்குக்கூட அஞ்சு கோடு இழுத்திருக்காங்க."

அத்தனை தேசங்களைக் கட்டி ஆண்டவர்கள், நாலை இப்படித்தான் எழுத வேண்டுமென்று ஒரு சட்டம் போடாமல் விட்டிருக்கிறார்களே! எப்பேர்ப்பட்ட மனசு! பிலிப்ராஜுக்கு உடம்பே சிலிர்த்தது.

V அழிந்து ஐந்து கோடுகள் வந்தன. ஜீவானந்தம் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதான் லட்சணம் பெயிண்டரே."

அடுத்து பத்தாவது கல்லுக்காரி வந்தாள். அவள் பிலிப்ராஜின் அக்கா அன்னாள்.

"ஏன்டா, அவங்களுக்கு அஞ்சு, கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணா? அதுவும் வாத்தியாரு தப்பு போடுற மாதிரி!"

X போய்ப் பத்துக் கோடுகள் வந்தன. அதைப் பார்த்து ஒன்பதாவது வீடு முகத்தைத் தூக்கியது, பிறகு நாலாவது, ஆறாவது. கடைசியில் மலை முழுக்கக் கோடு மயம். பதினாலாவது கல்லில் இடமே பத்தவில்லை. ஆனால் வெயிலில் அவை கருகருவென்று மின்னியபோது, வரைந்தவரே கைகூப்பி நின்றார். அவ்வளவு அழகு.

முதல் கல்லில்தான் மாட்டிக்கொண்டார்.

அது கருப்பனுடையது. மலையில் சாமை விதைக்கிறவர், கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் பாதை தொடங்குகிற நிலத்தைச் சும்மா விட்டுக் கொடுத்தவர் என்பதால் முதல் கல் அவர் வீட்டுப் பேரில். ஒன்றை எப்படி இழுத்தாலும் ஒன்றுதானே? ரோமாபுரியின் பெரிய மனசும் அங்கே கைவிரித்துவிட்டது. பிலிப்ராஜ் கோட்டைத் தடிமனாக்கினார். அது இன்னும் அனாதையாகத் தெரிந்தது.

கருப்பன் கோபித்துப் பாதையை அடைத்துவிட்டால்? ஊரே திட்டும், ஜீவானந்தம் பெண்ணே வேண்டாம் என்பார்.

பெரிய வெள்ளி வந்தது. கருப்பனும் வந்து நின்றார். முதல் கல்லின் முன்னால் ஃபாதர் உருக்கமாகப் பேசினார்.

"நம்ம ஒவ்வொருத்தர் வூட்டுப் பாவத்தையும் அவரு இந்தப் பாதையில சுமந்தாரு."

கருப்பன் தன் கல்லைப் பார்த்தார். பிலிப்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு கல்லாக ஏறினார்கள். கருப்பன் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, விரல் வைத்துக் கோடுகளை எண்ணினார். ஏற ஏற அவர் கண்கள் விரிந்தன. உச்சியில் ஃபாதரின் முன்னால் பயபக்தியோடு கும்பிட்டார்.

"சாமி, எல்லார் வூட்டுப் பாவத்தையும் மறைக்காம கோடு போட்டு வெச்சிருக்கீங்க. எங்க வூட்டுக்கு மெய்யாலுமே ஒண்ணுதானா?"

கூட்டம் அவரவர் வீட்டுக் கல்லைத் திரும்பிப் பார்த்தது. ஜீவானந்தம் மெல்ல வந்து பிலிப்ராஜின் தோளில் கை போட்டார்.

"சம்பந்தி, அந்த ஒத்த எழுத்தே நல்லாதான் இருந்துச்சு. பிரஷ் கையில கீதா?"