அடுப்படி வரை வந்த எல்லை

ஓதாயா,
மழை தொடங்கிய வாரம்

மரியாதைக்குரிய வஹோமே அண்ணாவுக்குத் தம்பி கத்தேச்சா பயபக்தியுடன் எழுதுவது. நக்குருவில் நீங்களும் அண்ணியும் கடையும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இங்கே நான் இந்த நிமிடம் வரை உயிரோடு இருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போதும் இருப்பேனா என்று தெரியாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் உள்ள உங்கள் புதிய தொழுவத்து ஆடுகள் என் அவரையை மேய்கின்றன. குற்றமாகச் சொல்லவில்லை, ஆட்டுக்கு என்ன தெரியும். காயாபா முள்செடியால் வேலி போட நினைத்தேன். நாற்றை விலைக்கு வாங்குவானேன் என்று காயாபாப் பழம் ஒரு கூடை பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, விதையை நிழலில் உலர்த்தி, பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி ஊன்றினேன். வெளியே வைத்தால் கோழி கிளறுகிறது, ஆகவே எல்லாம் வீட்டுக்குள். திக்காவில் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து என் வீட்டுக்காரி ஞாவிரா அங்கேயே தங்கிவிட்டாள், இல்லையென்றால் விட்டிருப்பாளா? பாதியாவது பழுதாகும் என்று பார்த்தால் அத்தனையும் முளைத்துவிட்டது. ஜன்னல், அலமாரி, கட்டிலடி எங்கும் நாற்று. விரல் நீளம் வளர்வதற்குள் முள்ளும் வைத்துவிட்டது. ஆனால் அண்ணா, காயாபா வளர்ந்து கூடிவிட்டால் கோழிகூட நுழையாது. அந்த ஆசையில்தான் எல்லையோரம் பள்ளம் வெட்டினேன்.

வெங்காயம் மாதிரி பெரிய பெரிய கிழங்குகள் வந்தன. கோடையில் இலை காய்ந்து கிடந்தது, களை என்று எண்ணிக் குப்பையில் எறிந்தேன். இத்தனை வருஷம் பஸ் ஓட்டிவிட்டு இப்போதுதானே ஊர் திரும்பியிருக்கிறேன், எனக்கென்ன தெரியும். பக்கத்து வீட்டு முச்சிரி மண்வெட்டி இரவல் கேட்க வந்தவன், குப்பையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"கத்தேச்சா, இது இதோக்காக் கெழங்குல்ல? உங்கப்பன் கெடா வெட்டி, உனக்கும் உங்கண்ணனுக்கும் நடுவுல நட்ட எல்லைப் பூவுல்ல?"

தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன்.

"இதப் புடுங்கிச் செத்தவனெல்லாம் தெரியாமத்தான்யா புடுங்குனான்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தொடாமலே போய்விட்டான்.

கிழங்குகளைப் பொறுக்கித் திரும்ப நட்டேன். ஆனால் எந்த இடத்தில்? உங்கள் பக்கம் நகர்ந்தால் திருட்டு, சாபம் வரும். ஆகவே கொஞ்சம் என் பக்கமாகவே தள்ளி நட்டேன். மறுநாள் பசுவுக்கு வயிறு உப்பிவிட்டது. போதவில்லை போலிருக்கிறது என்று அவரைப் பாத்தி வரை தள்ளினேன். பசு தேறியது, எனக்குப் பல்வலி வந்தது. காப்பிச் செடிகளுக்கு இந்தாண்டை தள்ளினேன், பல்வலி நின்றது, முட்டையிடும் கோழி செத்தது. இப்படிப் பயந்து பயந்து தள்ளினதுல இப்போ எல்லை நம்ம அடுப்படிச் சுவர்கிட்ட நிக்குது அண்ணா. கக்கூஸ் உங்க நெலத்துல. ஒவ்வொரு தடவையும் உங்க பேரைச் சொல்லி உத்தரவு கேட்டுட்டுத்தான் உள்ளே போறேன். நேத்து அடுப்புல வச்ச இரியோ மசியல் அடிப்பிடிச்சிருச்சு. இனி எங்கே தள்ளுவேன், கட்டிலடியில்தான் இடம், அங்கேயும் முள் நாற்று இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. பேரப்பிள்ளைகள் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. தீட்டுப்பட்ட கையோடு அதுகளை எப்படித் தூக்குவேன்? ஊர்ப் பெரியவர்களை வைத்து நீங்களே வந்து எல்லையை நட்டுக் கொடுங்கள். கிடா என் பொறுப்பு. எவ்வளவு நிலம் எடுத்துக்கொண்டாலும் சரி, படுக்க ஓரிடம் விட்டால் போதும்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் மந்தை பெருகட்டும், கடையில் கூட்டம் குறையாதிருக்கட்டும்.

நடுக்கத்துடன்,
தம்பி கத்தேச்சா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஞாவிரா வந்து இறங்கினாள். பேரப்பிள்ளைகள் சேதியைச் சொல்லுமுன், "எம் பூச்செடிய எவன் நோண்டுனது?" என்றாள். சர்ச் தோட்டத்திலிருந்து கிழங்கு கொண்டுவந்து அவள் அழகுக்கு நட்டதாம். அப்பா நட்டது எங்கே என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினாள். புது மழைக்கு வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது, உங்கள் புதிய தொழுவத்துக்கு அந்தப் பக்கம். அதாவது தொழுவம் என் நிலத்தில் நிற்கிறது. பரவாயில்லை, தெரியாமல் கட்டியிருப்பீர்கள். கிடாவை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். நாளைக்கே அந்தப் பூ வரிசையோரம் நாற்றுகளை நடுகிறேன். உங்கள் ஆடுமாடுகளுக்கு ஒரு வாசல் விடவேண்டுமா என்று உடனே எழுதுங்கள், கூடிவிட்டால் கோழிகூட நுழையாது.