ட்ரூடியின் வயிற்று முடி

இந்த வசந்தத்தில் டெல்மரைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவது என்று ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

டெல்மர் என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் ஏரிக்கரைத் தூண்டில் கடைச் சுவரில், அந்த வருடத்தின் மிகப் பெரிய கிராப்பி மீனைப் பிடித்தவரின் படத்தை மாட்டுவார்கள். பதினோரு வருடமாக அங்கே அவன்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான். மினசோட்டாவில் ஒரு மனிதன் ஆறு மாதக் குளிரைத் தாங்குவதே, மே மாதம் அந்த மீன் கரையோரம் வரும் மூன்று வாரத்துக்காகத்தான். நான் பதினோரு முறை தாங்கிவிட்டேன்.

கிராப்பிக்குக் காகிதம் போல மெல்லிய வாய். அதற்கு ஜிக் என்கிற தூண்டில் முள் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு முள், பட்டாணி அளவு ஈயத் தலை, முள்ளை மறைக்க ஒரு சிட்டிகை இறகோ முடியோ. அந்தச் சிட்டிகையில்தான் சூட்சுமமே. மான் வால் முடி துடைப்பமாக விறைத்து நிற்கும். வான்கோழியின் அடிப்பஞ்சு அருமையாக ஆடும், ஆனால் இரண்டு மீன் கடித்ததும் விளக்குத் திரியாகிவிடும். நல்ல முடி தண்ணீரில் மூச்சு விட வேண்டும். தூண்டிலை அசைக்காவிட்டாலும் அது அசைய வேண்டும்.

வாங்கலாம் என்றால் வீட்டில் தடையுத்தரவு. போன இலையுதிர்காலத்தில் ஒரு பண்ணையிலிருந்து இறகோடு சேவல் தோல் ஒன்று கொண்டுவந்தேன். அதை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்துப் பூச்சியைக் கொன்றபிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும். ஆசையில் மறந்துவிட்டேன். அதிலிருந்த அந்துப்பூச்சிகள் என் மனைவி லவோனின் கம்பளி அலமாரிக்குக் குடிபோயின. அவள் அம்மா பின்னிய ஸ்வெட்டர் வலையாகிவிட்டது. அதை வைத்து மீன் பிடிக்கலாமே என்று நான் சொன்னது, சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னதல்ல.

"இனிமே வெளியிலேருந்து ஒரு இறகு, ஒரு முடி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. சத்தியம் பண்ணு."

"வெளியிலேருந்துதானே?"

"வெளியிலேருந்து."

பண்ணினேன். மனதார.

எங்கள் பூனை ட்ரூடி வெளியிலிருந்து வருகிறவள் அல்ல. பத்து வருடமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். ஒருநாள் அவள் மல்லாந்து தூங்கும்போதுதான் கவனித்தேன். அடிவயிற்று முடி வெள்ளை, நுனியில் மட்டும் சாம்பல். ஒரு சிட்டிகை கத்தரித்தேன். முள்ளில் கட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டேன். உயிருள்ள மீன்குஞ்சாக ஆடியது. ட்ரூடியே பாய்ந்து வந்து டம்ளருக்குள் கையை விட்டாள். தன் முடியைத் தானே வேட்டையாட ஒரு பூனை வருகிறது என்றால் வேறு சான்றிதழ் எதற்கு? ஏப்ரல் முடிவதற்குள் பன்னிரண்டு ஜிக் கட்டி, இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு, கார் ஷெட்டில் ஒளித்தேன்.

பன்னிரண்டாவதோடு ட்ரூடியின் வயிறு என் தலையைப் போல ஆகிவிட்டது. நான் தலையில் போனதைத் தாடியில் ஈடுகட்டிக்கொண்டவன். முப்பது வருடத் தாடி. பாவம், அவளுக்கு அந்த வசதி இல்லை.

"ஆர்விட், இங்க வா. இவ வயித்தைப் பாரு."

"அடடா. அந்துப்பூச்சியா இருக்கும்."

"உயிரோட இருக்கிற பூனையையா அரிக்கும்?"

"ரொம்பப் பசியா இருந்திருக்கும்."

லவோன் பூனைக் கூடையைத் தேடிக் கார் ஷெட்டுக்குப் போனாள், திரும்பிவர நேரமாயிற்று. பிறகு ட்ரூடியைக் கூடையில் வைத்துக் காரில் டாக்டரிடம் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்தாள்.

"மனக்கவலையாம். அதான் முடி கொட்டுது."

"மருந்து?"

"மடி. தினம் சாயங்காலம் அஞ்சு மணியிலேருந்து பொழுது சாயற வரைக்கும். மூணு வாரம்."

"உன் மடின்னா நல்லாப் படுப்பாளே."

"யாரைப் பார்த்தா இவ கட்டிலுக்கடியில ஓடறாளோ, அவங்க மடிதான் வேணுமாம். டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்."

"சாயங்காலம்தான் லவோன், மீனே கடிக்கும்."

"அப்ப பூனை ஏங்கிச் சாகட்டுமா?"

உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. முதல் வாரம் ட்ரூடி செங்கல்லாகக் கிடந்தாள். இரண்டாம் வாரம் கொர்கொர் என்றாள். மூன்றாம் வாரம் டெல்மர் எனக்குச் செய்த கொடுமைகளையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

லவோன் தினமும் அதே நேரத்தில் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். வரும்போது மூக்கு வெயிலில் சிவந்திருக்கும். சட்டைக் கை நனைந்திருக்கும். ட்ரூடி என் மடியிலிருந்து குதித்து ஓடி அவள் விரல்களை நக்குவாள்.

"சர்ச்சுல மீன் வறுத்தோம்," என்பாள்.

நம்பினேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம்.

மூன்று வாரம் முடிந்த மறுநாள் புழு வாங்கத் தூண்டில் கடைக்குப் போனேன். சுவரில் டெல்மர் ஒரு படி கீழே இறங்கியிருந்தான். அவனுக்கு மேலே லவோன். கையில் பதினைந்தரை அங்குலக் கிராப்பி. மீனின் உதட்டில் ஒரு ஜிக். முடி வெள்ளை, நுனியில் சாம்பல். பக்கத்தில் துடுப்போடு நிற்பது டெல்மர்.

"உன் வீட்டம்மா பெரிய ஆளுப்பா," என்றார் கடைக்காரர். "என்ன முடின்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

வீட்டுக்கு வந்தேன்.

"டாக்டர் சொன்னார்னு சொன்னியே?"

"எந்த டாக்டர்? ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம். ட்ரூடிக்குப் பிடிச்சிருந்தது."

"ஜிக் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீ ட்ரூடிகிட்ட கேட்டியா?"

எப்படியோ டெல்மர் இறங்கிவிட்டான். என் சபதம் நிறைவேறியது, நான் இல்லாமலே.

லவோன் இருமல் மிட்டாய் டப்பாவை என் முன்னால் கவிழ்த்தாள். காலி.

"பன்னெண்டும் ஏரியோட போச்சு. இன்னும் ஆறு கட்டிக் குடு."

"முடிக்கு எங்க போறது? இவளுக்கு இப்பதான் முளைக்குது."

அவள் என் தாடியைப் பார்த்தாள். எனக்கும் வெள்ளைதான், நுனியில் சாம்பல்தான்.

"இது வெளியிலேருந்து வரலையே," என்றபடி கத்தரிக்கோலை எடுத்தாள்.

முப்பது வருடத் தாடியிலிருந்து ஒரு கொத்து போயிற்று. அவளே முள்ளில் கட்டி டம்ளரில் விட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அது அசையவே இல்லை.

"துடைப்பம்," என்றாள் லவோன்.

ட்ரூடி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.