ஏழாம் எண் பெஞ்சுக்கு நான்கு நாள் விடுப்பு

ஒரு நகரத்துக்குப் பண்பாடு இருந்தால் மட்டும் போதாது. அதை ஒன்றரை மணி நேரத்தில் நடந்து முடிக்கவும் முடிய வேண்டும். இந்த உண்மையை உணர்ந்துதான் எங்கள் லிண்டன்ஸே நகரசபை, ஏரிக்கரையைச் சுற்றி ஒரு ‘பண்பாட்டு நடை’யை ஏற்படுத்தியது. வழிகாட்டி கிடையாது. பத்து இடங்கள், பத்து எண் பலகைகள், கையில் ஒரு கையேடு. பயணிகள் தாமே நடந்து, தாமே வியந்துகொள்ள வேண்டியது. நாங்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். குப்பைத்தொட்டியை நகர்த்துவதென்றாலும் வாக்கெடுப்பு நடத்துவோம். அந்தப் பத்து இடங்களின் பட்டியலும் மக்கள் வாக்களித்து நிறைவேற்றியதுதான்.

எண் ஏழு முதலில் ஒரு பழைய நீரூற்று. படம் எடுக்க ஆள் வந்த அன்று பார்த்து, பழுதுபார்க்க அதைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வந்தவர் சும்மா திரும்ப மனமில்லாமல், பக்கத்துப் பெஞ்சில் சாசேஜ் தின்றுகொண்டிருந்த உர்ஸ் ஹெல்பிளிங்கைப் படம் பிடித்துக்கொண்டு போனார். உர்ஸ் என் நண்பன். ஏரிக் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவன். மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய கையேட்டில் இப்படி வந்தது: ‘எண் 7. ஏரியை நோக்கி அமர்ந்திருக்கும் உள்ளூர்வாசி. வயது சுமார் எழுபது. நல்ல நிலையில் உள்ளது.’

உர்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போய்விட்டான். அன்று ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி, எண் ஏழில் பதினான்கு நிமிடம் காத்திருந்தும் உள்ளூர்வாசி தென்படவில்லை என்று புகார் எழுதிவிட்டார்கள். உடனே பண்பாட்டு நடை அலுவலகத்திலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை இருக்க வேண்டும். சாசேஜ் வலது கையில் இருக்க வேண்டும். தொப்பி சாம்பல் நிறம். மழை பெய்தால் கறுப்புக் குடை; பூப்போட்ட குடை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கப்படாது.

இதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் செப்டம்பரில் அவனுடைய ஒரே மகள் ரெகூலாவுக்குக் கல்யாணம், மலைக்கு அந்தப் பக்கம் லுகானோவில். தாயில்லாத பெண். கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போக அப்பாதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உர்ஸ் நான்கு நாள் விடுப்புக் கேட்டு நடை அலுவலகத்துக்குப் போனான். துணைக்கு நானும் போனேன்.

அதிகாரி திருமதி ஷ்டெம்ஃப்லி விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

“எண் மூணு எது தெரியுமா?” என்றார்.

“கோட்டை வாசல், மேடம்.”

“அறுநூறு வருஷமா நிக்குது. ஒரு நாள் லீவு கேட்டிருக்கா?”

“அது கல்லு, மேடம்.”

“கல்லுக்கே அவ்வளவு பொறுப்பு இருக்கு. உங்களுக்கு இருக்க வேண்டாமா?”

உர்ஸ் என்னைக் காட்டினான். “நாலு நாளைக்கு வால்ட்டி உக்காரட்டுமே. நான் திங்கற அதே சாசேஜ்தான் அவன் கடையிலயும் விக்குது.”

திருமதி ஷ்டெம்ஃப்லி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவர் மூஞ்சியில ஏரியைப் பாக்கற திருப்தி இல்ல. ஏதோ விக்கற மூஞ்சி.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான். பெஞ்சிலிருந்து இருபது அடியில் என் பெட்டிக்கடை. ‘எண் ஏழு சாப்பிடும் சாசேஜ் இங்கே கிடைக்கும்’ என்று பலகை வைத்த நாளிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. முடிதிருத்துபவர் ‘எண் ஏழு’ கிராப் வெட்டுகிறார். தொப்பிக்கடையில் சாம்பல் தொப்பிக்கு வரிசை நிற்கிறது.

“அப்ப என்னதான் மேடம் வழி?” என்றான் உர்ஸ்.

“பட்டியல் மக்கள் வாக்களிச்சது. நாலு நாள் மாத்தணும்னாலும் மக்கள்தான் வாக்களிக்கணும். நாங்க யார், உங்க பொண்ணு கல்யாணத்துல தலையிட?”

வெளியே வந்ததும் நான் சொன்னேன், “பேசாம ரயில் ஏறிப் போயிடுடா. வந்து பிடிச்சுக் கட்டியா போடப் போறாங்க?”

“சட்டம்னு ஒண்ணு இருக்குடா வால்ட்டி. எல்லாரும் நல்லவங்கதான். ஓட்டுப் போட்டு அனுப்பி வெச்சுடுவாங்க, பாரேன்.”

வழக்கம்போல வீட்டுக்கு வீடு வாக்கெடுப்புக் கையேடு வந்தது. கேள்வி: ‘எண் 7 நான்கு நாட்கள் இல்லாதிருப்பதை ஏற்கிறீர்களா?’ நான்காம் பக்கத்தில் நகரசபையின் கருத்து: ‘தந்தைப் பாசத்தை நகரசபை முழுமனதாக மதிக்கிறது. ஆயினும் இன்று உள்ளூர்வாசிக்கு விடுப்பளித்தால் நாளை எண் எட்டிலுள்ள அன்னங்களுக்கு என்ன பதில் சொல்வது? எனவே நகரசபையின் பரிந்துரை: இல்லை.’

அந்த மூன்று வாரமும் பெஞ்சைக் கடந்து போனவர்கள் எல்லாம் உர்ஸின் தோளைத் தட்டினார்கள். “என் ஓட்டு உனக்குத்தான்யா!” முடிதிருத்துபவர் சொன்னார். தொப்பிக்கடைக்காரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். நான் தினமும் ஒரு காபி கொடுத்து, “கல்யாணத்துக்குப் போடற கோட்டுல தூசி தட்டி வை” என்றேன். அவனும் தட்டி வைத்தான்.

ஞாயிறு மதியம் முடிவு வந்தது. ஆம்: 2,113. இல்லை: 2,114.

ஊரே கொதித்தது. யார் அந்த ஒருவர்? மதுக்கடையில் ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டார்கள். விசாரித்த வரையில் லிண்டன்ஸேயில் ‘இல்லை’ போட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளும் ஏரியிலிருந்து மீன்கள் ஏறி வந்து போட்டவையாகத்தான் இருக்க வேண்டும்.

கல்யாண நாளன்று உர்ஸ் சாம்பல் தொப்பியுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பதினொரு மணிக்கு ரெகூலா போனில் முகம் காட்டினாள். அவள் மாமா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்போது ஒரு பயணி மெதுவாக உர்ஸின் தோளைத் தொட்டு, “மன்னிக்கணும், கையேட்டுப் படத்துல போன் இல்லையே. கொஞ்சம் கீழ வைக்கறீங்களா?” என்றார். உர்ஸ் போனை அணைத்துப் பைக்குள் போட்டான். காபியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அந்த ஒரு ஓட்டுப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்” என்றேன்.

“கிடைச்சுட்டான். நான்தான்.”

“என்னடா சொல்ற?”

“எனக்கு நானே ‘ஆம்’ போட்டுக்க வெக்கமா இருந்துச்சுடா. அந்த நாலாம் பக்கத்துல அவங்க சொன்னதும் நியாயமாத்தான் பட்டுச்சு. நீங்க எல்லாரும்தான் எனக்குப் போடறேன்னு சொன்னீங்களே, என் ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போவுதுன்னு நினைச்சேன்.”

ஒரு குடும்பம் எங்களைப் படம் எடுக்க வந்தது. நான் எழுந்து விலகிக்கொண்டேன்.

மாலைக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. முடிதிருத்துபவர் தலையில் அடித்துக்கொண்டார். “அவனே போட்டுக்கிட்டா நாம என்னங்க செய்ய முடியும்?” என்றாள் தொப்பிக்கடைக்காரி. நகரசபை அவனுடைய குடிமைப் பண்பைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. ‘இல்லை’ போட்டிருந்த மற்ற எல்லாருக்கும் அன்று மனசு லேசாகி, நிம்மதியாகத் தூக்கம் வந்தது. எனக்கும்தான்.